மெக்சிகோவின் கொலிமாவில் கடற்கரையும் எரிமலையும் அருகருகே இருப்பது எப்படி?

கொலிமா, மெக்சிகோவின் பசிபிக் கரையில் உள்ள சிறிய மாநிலம். காலையில் குயுட்லான் கடற்கரையில் அலையாடிவிட்டு, மாலையில் கோமாலா ஊரில் அமர்ந்து எரிமலையைப் பார்க்கலாம்.

இதற்குக் காரணம் 'தட்டு அமிழ்தல்'. அதாவது, கடலடிப் பாறைத்தட்டு கண்டத்துக்கு அடியில் மெல்லச் சரிந்து இறங்குவது. இறங்கும்போது அது நீரையும் சுமந்து செல்கிறது. ஆழத்தில் அந்த நீர் கசிந்து மேலேயுள்ள சூடான பாறையில் கலந்ததும், பாறை இளகிக் குழம்பாகி மேலெழுகிறது. வெறும் வெல்லத்தை வாணலியில் இட்டால் அடிபிடிக்கும். ஒரு கரண்டி நீர் விட்டால் இளந்தீயிலேயே பாகாகிவிடும் அல்லவா? கிட்டத்தட்ட அதே கதைதான். கடல் இல்லாவிட்டால் இந்த எரிமலையும் இல்லை.

குயுட்லானின் மணல் கறுப்பாக இருப்பதற்கும் எரிமலைப் பாறைத் துகள்களே காரணம். நண்பகலில் அது கொதிக்கும்; செருப்பில்லாமல் இறங்கிவிடாதீர்கள்.

படங்களில் பனி போர்த்தி நிற்கும் உயரமான சிகரத்தைத்தான் சீறும் எரிமலை என்று பலர் நினைக்கிறார்கள். அது அடங்கிப்போன நெவாடோ எரிமலை. 1913-இல் பெரிதாக வெடித்தது அதற்குத் தெற்கே சற்றுக் குள்ளமாக நிற்கும் வொல்கான் தே ஃபுவேகோ என்ற எரிமலை.