சளிக்காலமும் நிமோனியாவும்: கேள்வி பதில்

டாக்டர், குளிர்காலம் வந்தாலே நிமோனியா கூடுகிறதே, குளிர்தானே காரணம்?

குளிருக்கும் ஓரளவு பங்கு உண்டு. ஆனால் பெரிய பங்கு வைரஸ்களுடையது. நிமோனியாவை அதிகம் உண்டாக்கும் நிமோகாக்கஸ் பாக்டீரியா, பல குழந்தைகளின் மூக்கில் எந்தத் தொந்தரவும் தராமல் குடியிருக்கிறது. ஃப்ளூ வந்து மூச்சுக்குழாயின் உட்சுவரைப் புண்ணாக்கி, சளியை மேலே தள்ளும் நுண்முடிகளையும் முடக்கிவிட்டால், அந்த பாக்டீரியா நுரையீரலுக்கு இறங்க வழி கிடைத்துவிடும். 1918 ஃப்ளூவில் இறந்தவர்களில் பெரும்பாலோரின் உயிரைப் பறித்தது, பின்னாலேயே வந்த பாக்டீரியா நிமோனியாதான்.

2020இல் இதற்கு நேர்மாறு. ஊரடங்கில் ஃப்ளூ ஏறக்குறைய காணாமல் போனது. கடுமையான நிமோகாக்கஸ் நோயும் பல நாடுகளில் சரிந்தது. இத்தனைக்கும் குழந்தைகளின் மூக்கில் பார்த்தபோது கிருமி பெரிதாகக் குறைந்திருக்கவில்லை. குளிரும்தான் குறையவில்லை!

அப்படியானால் வெயில் காலத்தில் பயமில்லையா?

உண்டு. நிமோனியாவை உண்டாக்கும் இன்னொரு பாக்டீரியாவான லெஜியோனெல்லா கோடையிலும் அதை ஒட்டிய மாதங்களிலும்தான் அதிகம். வெதுவெதுப்பான தேங்கிய நீரில் பெருகி, பெரிய கட்டடங்களின் குளிரூட்டும் கோபுரங்கள், ஷவர்கள் வழியாக நீர்த்திவலையில் ஏறி வரும். 1976இல் ஃபிலடெல்ஃபியாவில் மாநாட்டுக்கு வந்தவர்களை அது தாக்கியதும் ஜூலையில்தான்.

அப்பாவுக்கு 70 வயது, சர்க்கரை நோய் உண்டு. சிகரெட்டும் விடவில்லை.

மூன்றுமே ஆபத்தைக் கூட்டுபவை. வயதை மாற்ற முடியாது, சிகரெட்டை நிறுத்த முடியும். ஃப்ளூ வைரஸ் நுண்முடிகளுக்குச் செய்யும் கெடுதலைப் புகை தினமும் செய்கிறது. எனவே அதைத்தான் முதலில் கேட்பேன். அப்புறம் ஆண்டுதோறும் ஃப்ளூ தடுப்பூசி, கூடவே நிமோகாக்கஸ் தடுப்பூசி. ஒன்றை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்: ஃப்ளூ தணிந்து, சில நாள் கழித்து மறுபடி காய்ச்சல் அடித்தால் காத்திருக்க வேண்டாம். முதியவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல் குழப்பமான பேச்சாகவும் நிமோனியா வெளிப்படலாம்.

விபத்தில் மண்ணீரலை எடுத்துவிட்டார்கள். எனக்கு எந்த மாதம் ஆபத்து?

எல்லா மாதமும். நிமோகாக்கஸ் போன்ற கிருமிகளை இரத்தத்திலிருந்து வடிகட்டும் உறுப்பு மண்ணீரல். காய்ச்சல் என்றால் அன்றே, அந்த நேரமே மருத்துவமனைக்குப் போங்கள். உங்களுக்குச் சில மணி நேரத்தில் நிலைமை மோசமாகலாம்.

மகனுக்கு இரண்டு வாரமாக வறட்டு இருமல். அமாக்ஸிசிலின் கொடுத்தும் கேட்கவில்லை.

மைக்கோப்ளாஸ்மாவாக இருக்கலாம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அலையாக வந்து பள்ளி வயதுப் பிள்ளைகளை அதிகம் பிடிக்கும். அமாக்ஸிசிலின் கிருமியின் செல்சுவரைத் தாக்கும் மருந்து. இந்தக் கிருமிக்குச் செல்சுவரே கிடையாது. கக்குவானும் இப்படி இழுக்கும். மருந்தின் அளவை நீங்களாகக் கூட்டாதீர்கள், மருத்துவரிடம் திரும்பக் காட்டுங்கள்.