அணு உலை, கதிர்வீச்சு: கோத்தகிரியில் இருந்து சில பதில்கள்

கல்பாக்கத்தில் கதிர்வீச்சுப் பாதுகாப்புப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். இப்போது கோத்தகிரியில் இருக்கிறேன். மலையின் பல ஊர்களில் இருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். முதலிலேயே ஒரு வேண்டுகோள். கதிர்வீச்சைப் பற்றி யார் எந்த எண்ணைச் சொன்னாலும் இரண்டு கேள்வி கேளுங்கள்: அலகு என்ன? எவ்வளவு நேரத்துக்கு? இரண்டும் தெரியாமல் பயப்படவும் முடியாது, நிம்மதி அடையவும் முடியாது.

குன்னூர், பள்ளி ஆசிரியை: ஐயா, அணு உலை அணுகுண்டு போல வெடிக்குமா? ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் விடாமல் கேட்கிறார்கள்.

வெடிக்காது, டீச்சர். இயற்கை யுரேனியத்தில் எளிதில் பிளவுபடும் யுரேனியம்-235 வெறும் 0.7 சதவீதம். கல்பாக்கத்தில் சென்னை அணுமின் நிலையத்தின் இரண்டு உலைகளும் இந்த இயற்கை யுரேனியத்தில் ஓடும் வகைதான். கூடங்குளத்தில் செறிவூட்டிய, அதாவது யுரேனியம்-235 பங்கைக் கூட்டிய எரிபொருள், அதுவும் 5 சதவீதத்துக்குள். யுரேனியக் குண்டுக்கு 90 சதவீதம் அளவில் தேவை.

ஆனால் பிள்ளைகளிடம் இதோடு நிறுத்திவிடாதீர்கள். உலையின் உண்மையான ஆபத்து குண்டில் இல்லை, வெப்பத்தில் இருக்கிறது. கட்டுப்பாட்டுக் கோல்களை இறக்கினால், ஓர் அணு பிளந்து அடுத்ததைப் பிளக்கும் தொடர்வினை சில நொடிகளில் நின்றுவிடும், வெப்பம் நிற்காது. கரி அடுப்பில் தண்ணீர் தெளித்த பிறகும் சாம்பலுக்கு அடியில் கனல் கிடப்பது போல, பிளவில் உண்டான புதிய தனிமங்கள் சிதைந்துகொண்டே வெப்பத்தை விடும். கூடங்குளம் உலை ஒன்றின் வெப்பத் திறன் 3000 மெகாவாட். அதில் கிடைக்கும் மின்சாரம் 1000. நிறுத்திய கணத்தில் 6 முதல் 7 சதவீதம், அதாவது சுமார் 200 மெகாவாட் வெப்பம் இன்னும் வந்துகொண்டிருக்கும். ஒரு நாள் கழித்தும் 10 மெகாவாட்டுக்கு மேல் இருக்கும். அந்த வெப்பத்தை வெளியேற்றியே ஆக வேண்டும்.

ஃபுகுஷிமாவில் 2011 மார்ச் 11 அன்று நில அதிர்வு வந்ததும் ஓடிக்கொண்டிருந்த உலைகள் சரியாகவே நின்றன. பின்னால் வந்த ஆழிப்பேரலை டீசல் ஜெனரேட்டர்களை மூழ்கடித்தது. குளிர்விப்பு போயிற்று; எரிபொருள் உறையின் சிர்கோனியம் நீராவியோடு வினைபுரிந்து ஹைட்ரஜனை உண்டாக்கியது; கட்டடங்களில் வெடித்தது அந்த ஹைட்ரஜன்தான். 1986 ஏப்ரல் 26 செர்னோபில் கதை வேறு. அங்கே உலையின் திறன் கட்டுமீறி எகிறி, நீராவி அழுத்தத்தில் உலை பிளந்தது, கிராஃபைட் எரிந்தது. அதைத் தாங்கி நிறுத்த முழுமையான காப்புக் கட்டடமும் இல்லை.

2004 டிசம்பர் 26 அன்று கல்பாக்கத்தில் இரண்டாவது உலை ஓடிக்கொண்டிருந்தது. கடல்நீர் பம்ப் அறைக்குள் வெள்ளம் புகுந்தது. உலை உடனே நிறுத்தப்பட்டு, குளிர்விப்பு தொடர்ந்து, பத்திரமாக இருந்தது. கூடங்குளத்தில் மின்சாரமே இல்லாவிட்டாலும் நீராவி தானாக மேலேறி, காற்றில் குளிர்ந்து, நீராகி இறங்கும்படி ஒரு ஏற்பாடு உண்டு. எந்த உலையைப் பற்றிப் பேசினாலும், "மின்சாரம் போனால் வெப்பம் எந்த வழியாக வெளியே போகும்?" என்று கேட்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

ஊட்டி: உயரத்தில் வாழ்வதால் நமக்குக் கதிர்வீச்சு அதிகமா?

கொஞ்சம் அதிகம். விண்வெளியில் இருந்து வரும் காஸ்மிக் கதிர்களைக் காற்று மண்டலம் தடுக்கிறது. மேலே ஏற ஏற அந்தத் தடுப்பு மெலிகிறது. உடலில் சேரும் கதிர்வீச்சை அளக்கும் அலகு மில்லிசீவர்ட். கடல் மட்டத்தில் காஸ்மிக் கதிர்களால் ஆண்டுக்குச் சுமார் 0.3 மில்லிசீவர்ட் என்றால், ஊட்டி உயரத்தில் ஏறத்தாழ இரண்டு முதல் மூன்று மடங்கு. மண், காற்று, உணவு எல்லாம் சேர்த்து உலக சராசரி ஆண்டுக்கு 2.4. நம் உயரம் கூட்டுவது அதில் சிறு பங்குதான். இந்தக் கதிர்களை ஆராயத்தான் ஊட்டியில் கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடம் இருக்கிறது.

கூடலூர்: வாழைப்பழத்தில் கதிரியக்கம் உண்டாமே?

உண்டு, பொட்டாசியத்தால். தாராளமாகச் சாப்பிடுங்கள்.

குன்னூர், கல்லூரி மாணவர்: அண்ணா, இணையத்தில் ஒரு மீட்டர் வாங்கினேன். வீட்டில் 17 காட்டுகிறது. பரணில் இருந்த பழைய பெட்ரோமாக்ஸ் மேண்டில் பக்கத்தில் வைத்தால் பல மடங்கு எகிறுகிறது!

தம்பி, 17 என்ன? நிமிடத்துக்கு 17 துடிப்பா? மணிக்கு 0.17 மைக்ரோசீவர்ட்டா? திரையின் ஓரத்தில் சிறிய எழுத்தில் இருக்கும், பாருங்கள். இரண்டில் எதுவானாலும் சாதாரணம்தான்.

மேண்டில் எகிறியது சரியே. அந்த வெள்ளை வலைப்பையைத் தோரியம் உப்பில் நனைத்துத்தான் செய்தார்கள். எரித்ததும் துணி போய், தோரியம் ஆக்சைடு மட்டும் கூடாக நின்று கண்ணைப் பறிக்கும் வெளிச்சம் தரும். கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலின் மோனசைட் கனிமத்தில் இருப்பதும் இதே தோரியம்தான். பையைத் தொட்டதால் ஒன்றும் ஆகாது. எரிந்து உதிர்ந்த தூளை மட்டும் ஊதாதீர்கள், மூச்சில் இழுக்காதீர்கள், கையைக் கழுவிவிடுங்கள்.

மஞ்சூர்: செல்போன் கோபுரக் கதிர்வீச்சால் புற்றுநோய் வருமா?

அது ரேடியோ அலை. அணுவில் இருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. என் துறை வேறு.

அரவேணு: என் அம்மா கூடங்குளம் பக்கம் திசையன்விளையில் இருக்கிறார். அயோடின் மாத்திரை வாங்கி அனுப்பிவைக்கலாமா? தினம் ஒன்று போட்டால் நல்லதா?

தினம் வேண்டவே வேண்டாம், அம்மா. அந்த மாத்திரை தைராய்டு சுரப்பியை மட்டும், கதிரியக்க அயோடினிடம் இருந்து மட்டும் காக்கும். விபத்து நேர்ந்து, அதிகாரிகள் சொன்னால், சொன்ன நேரத்தில் சாப்பிட வேண்டியது. சீசியத்துக்கோ வேறு எதற்கோ அது பயன்படாது. வீணாகத் தின்றால் தைராய்டு கெடும். காயத்துக்குப் போடும் டிங்சரைக் குடிப்பது இன்னும் ஆபத்து.

மசினகுடி: சிங்காராவில் நியூட்ரினோ ஆய்வகம் வராமல் தடுத்தோம். இல்லாவிட்டால் இந்நேரம் எங்கள் காடே கதிர்வீச்சில் கருகியிருக்கும். சரிதானே?

தடுத்தது சரி. காரணம் தவறு. நியூட்ரினோ என்பது எதனோடும் அநேகமாக மோதாமல் கடந்துபோகும் நுண்துகள். சூரியனில் இருந்து மட்டும் உங்கள் விரல் நகத்தின் அளவுள்ள இடத்தை நொடிக்குச் சுமார் 6500 கோடி நியூட்ரினோக்கள் கடந்து போகின்றன; இரவில் பூமியைத் துளைத்துக் கீழிருந்து வருகின்றன. ஆய்வகம் அவற்றை உண்டாக்குவதில்லை, பிடித்துப் பார்க்கிறது. மற்ற கதிர்கள் குறுக்கிடாமல் இருக்கத்தான் மலைக்கு அடியில் போகிறார்கள். காற்று மண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோக்களைக் கோலார் தங்கச் சுரங்கத்தில் 1965லேயே இந்தியர்கள் பங்கேற்ற குழு பதிவு செய்தது.

கோத்தகிரி, பொறியாளர்: அப்படியானால் சிங்காராவில் தடுத்தது அறிவியலுக்கு எதிரான செயல் என்று ஒப்புக்கொள்ளுங்கள், சார்.

ஒப்புக்கொள்ள மாட்டேன். பைகாரா நிலத்தடி மின் நிலையத்துக்குப் பக்கம், நல்ல உறுதியான பாறை. விஞ்ஞானிகள் ஆசைப்பட்டதில் நியாயம் உண்டு. ஆனால் முதுமலைப் புலிகள் காப்பகத்தின் ஓரத்தில், யானைகள் நடக்கும் நிலத்தில், ஆண்டுக்கணக்கில் பாறை உடைத்து லாரி லாரியாகக் கல்லை ஏற்றிப்போனால் என்ன ஆகும்? 2009ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் மறுத்தது இதற்காகத்தான். திட்டம் தேனி மாவட்டம் போடி மலைக்கு நகர்ந்தது.

மசினகுடி மீண்டும்: அந்தக் குகையில் அணுக்கழிவைப் புதைக்கப் போவதாகச் சொன்னார்களே?

யார் சொன்னது, எந்த ஆவணத்தில்? நுட்பமான துகள் ஆய்வு நடக்கும் இடத்தில் கதிரியக்கப் பொருளைக் கொண்டுபோய்க் கொட்டினால் ஆய்வே பாழாகும். உங்களிடம் யானை என்ற வலுவான வாதம் இருக்கிறது. அதோடு ஒரு வதந்தியைச் சேர்த்துக் கட்டினால், வதந்தி பொய்யாகிற நாளில் யானையின் வாதத்தையும் கேட்க ஆள் இருக்காது. பொறியாளர் தம்பிக்கும் சொல்கிறேன்: காட்டோரம் வாழ்பவர் எழுப்பும் கேள்வியை அறியாமை என்று ஒதுக்கினால், அந்த இடத்தை வதந்திதான் வந்து நிரப்பும். இருவரும் ஏழு முறை எழுதிவிட்டீர்கள்; மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கொடைக்கானல்: இங்கே தெர்மாமீட்டர் ஆலையால் மண்ணில் கலந்த பாதரசமும் கதிரியக்கமா?

இல்லை. அது ரசாயன நஞ்சு. சீசியம்-137 என்றால் 30 ஆண்டில் பாதியாகும்; பாதரசம் அப்படித் தானாகக் குறையாது. நச்சியல் அறிந்தவரைக் கேளுங்கள்.

கேத்தி: கோபுரத்தின் கதிர்வீச்சு...

மஞ்சூருக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

வெலிங்டன்: மருத்துவர் வயிற்றுக்கு சி.டி. ஸ்கேன் எழுதியிருக்கிறார். கதிர்வீச்சு 10 என்கிறார்கள். எடுக்கலாமா?

10 மில்லிசீவர்ட், ஒரு ஸ்கேனுக்கு. மறுபடியும் அலகை விட்டுவிட்டீர்கள். அணு உலைகளால் பொதுமக்களுக்குச் சேரக்கூடிய அளவு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட்டைத் தாண்டக்கூடாது என்பது இந்திய விதி. ஊழியர்களுக்கு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20. ஆகவே ஸ்கேன் சிறிய விஷயமில்லை. ஆனால் நோயைக் கண்டுபிடிக்காமல் விடுவது அதைவிடப் பெரிய ஆபத்தாக இருக்கலாம். அல்ட்ரா சவுண்டில் தெரியுமா, முன்பு எடுத்த படமே போதுமா என்று மருத்துவரைக் கேளுங்கள்; கர்ப்பமாக இருக்க வாய்ப்பிருந்தால் முதலில் அதைச் சொல்லுங்கள். வேண்டும் என்று அவர் சொன்னால் எடுத்துவிடுங்கள்.