நகையை அடகு வைக்காதீங்கம்மா: என்டிஏ (முப்படை ஆபீசர் பயிற்சி தர்ற தேசிய பாதுகாப்பு அகாடமி) பத்தி வாசகர் கேள்விகள்

கேள்வி: என் பையன் அரசு மேல்நிலைப் பள்ளியில தமிழ் மீடியத்துல பிளஸ் ஒன் படிக்கிறான், கம்ப்யூட்டர் மேத்ஸ் குரூப். என்டிஏல சேர்ந்து ஆபீசர் ஆகணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். டவுன்ல ஒரு கோச்சிங் சென்டர்ல 80 ஆயிரம் கேக்குறாங்க. ஸ்கூல்ல என்சிசி வேற இல்ல, அது இல்லாம எடுக்க மாட்டாங்கன்னு பக்கத்து வீட்டுக்காரர் சொல்றார். நகையை வச்சு பணம் கட்டலாமா? (ஒரு அம்மா, திண்டுக்கல் மாவட்டம்)

பதில்: நகை பீரோவுலயே இருக்கட்டும்மா. என்சிசி இருந்தா பையனுக்கு பழக்கவழக்கம், தைரியம் எல்லாம் வரும், நல்லதுதான், ஆனா என்டிஏ செலக்‌ஷன்ல அதுக்குன்னு தனி மார்க் கிடையாது. உங்க பையன் குரூப்ல பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, மேத்ஸ் மூணும் இருக்கறதால ஆர்மி, நேவி, ஏர்ஃபோர்ஸ் மூணுக்குமே அப்ளை பண்ணலாம். யூபிஎஸ்சி வருஷத்துக்கு 2 தடவை தேர்வு வைக்கிறாங்க, பிளஸ் டூ படிக்கும்போதே எழுதலாம், வயசு 16½ல இருந்து 19½க்குள்ள இருக்கணும், அதனால ஒரு தடவை போனா போச்சுன்னு நினைக்க வேண்டாம், திரும்ப எழுத டைம் இருக்கு.

எழுத்துத் தேர்வு 900 மார்க். மேத்ஸ் 300, பொது அறிவுத் தாள் 600, அதுக்குள்ள இங்கிலீஷ் மட்டும் 200. நம்ம பசங்க இதுல எங்க மாட்டிக்கிறாங்கன்னு பல வருஷமா பாத்துட்டு இருக்கேன். கேள்வித்தாள் இங்கிலீஷ்லயும் இந்தியிலயும் மட்டும்தான் வரும். பையனுக்கு அணிக்கோவை தெரியும், போர்டுல எழுதிப் போட்டா டக்குனு போட்டுடுவான், ஆனா தாள்ல டிட்டர்மினன்ட்னு இருந்தா முழிப்பான். சேர்ப்பு அணின்னா தெரியும், அட்ஜாயின்ட்னா தெரியாது. இதுக்கு 80 ஆயிரம் எதுக்கு, நம்ம பாடநூல் கழகத்தோட இங்கிலீஷ் மீடியம் மேத்ஸ் புக்கு நெட்ல இலவசமா கிடைக்குது, டவுன்லோட் பண்ணி தமிழ் புக்கு பக்கத்துலயே திறந்து வச்சு, ஒவ்வொரு பாடத்துக்கும் இந்த வார்த்தைக்கு அந்த வார்த்தைன்னு ஒரு நோட்டுல எழுதச் சொல்லுங்க. பிளஸ் ஒன் முடியறதுக்குள்ள அந்த நோட்டு ரொம்பிடணும்.

அடுத்தது வேகம். 150 நிமிஷத்துல 120 கணக்கு, ஒண்ணுக்கு 75 செகண்டுதான். நம்ம போர்டு எக்ஸாம்ல ஸ்டெப்புக்கு மார்க் உண்டுன்னு வரிவரியா எழுதிப் பழகின கை அது, இங்க ஸ்டெப்பை யாரும் பாக்கப் போறதில்ல. சரியா போட்டா 2.5 மார்க், தப்பா போட்டா 0.83 கழிச்சுடுவாங்க, அதனால தெரியாததை குத்துமதிப்பா போடாம விடவும் கத்துக்கணும். பழைய கேள்வித்தாளை யூபிஎஸ்சி சைட்லயே எடுத்து ஞாயித்துக்கிழமை காலையில மணி வச்சு போடச் சொல்லுங்க, நீங்களே செல்போன்ல டைம் பாருங்க.

இதுல பாஸ் ஆனவங்களுக்கு எஸ்எஸ்பின்னு படைகளோட நேர்முகத் தேர்வு, 5 நாள், அதுக்கும் 900 மார்க். பாதி மார்க் இங்க இருக்கு, ஆனா பாதி பேர் இதைப் பத்தி ரிசல்ட் வந்த பிறகுதான் யோசிக்கவே ஆரம்பிக்கிறாங்க. முதல் நாள் ஒரு மங்கலான படத்தை 30 செகண்ட் காட்டுவாங்க, அதுக்கு ஒரு கதை எழுதணும், அப்புறம் வட்டமா உக்காந்து ஒவ்வொருத்தரும் கதை சொல்லி எல்லாரும் சேர்ந்து பேசணும். எல்லாரும் ஒரே நேரத்துல கத்துவாங்க, சந்தைக்கடை மாதிரி இருக்கும், நம்ம ஊரு பையன் அடுத்தவன் முடிக்கட்டும்னு மரியாதையா காத்துட்டு இருப்பான், அவன் வாயைத் திறக்கறதுக்குள்ள டைம் முடிஞ்சிடும். அன்னிக்கே கணிசமான பேரை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. அதனால தினமும் ராத்திரி சாப்பிட்டதும் அன்னிக்கு நடந்ததை 2 நிமிஷம் இங்கிலீஷ்ல உங்க முன்னாடி நின்னு சொல்லச் சொல்லுங்க. கிராமர் தப்பா இருந்தா பரவாயில்ல, உங்களுக்குப் புரியலன்னாலும் பரவாயில்ல, நிறுத்தாம பேசணும், அதுதான் முக்கியம்.

ஒரு பையன் கதை சொல்றேன். ஆடு மேய்க்கிற குடும்பம். முதல் தடவை எஸ்எஸ்பி போனப்ப யாரோ சொன்னாங்கன்னு ஃபார்ம்ல ஹாபி இடத்துல புக் ரீடிங்னு எழுதிட்டான். இன்டர்வியூல கடைசியா படிச்ச புக்கு என்னன்னு கேட்டிருக்காங்க, பேரைச் சொன்னான், அதுல உனக்கு யாரைப் பிடிச்சதுன்னு கேட்டதும் நாக்கு ஒட்டிக்கிச்சு. திரும்பி வந்து என் வீட்டுத் திண்ணையில உக்காந்து அழுதான். ஏன்டா, மழையில 40 ஆட்டை ஓடைக்கு அந்தப் பக்கத்துல இருந்து ஒத்தையா ஓட்டிட்டு வந்தியே, அதைச் சொன்னியான்னு கேட்டேன். அதெல்லாம் சொல்லலாமா சார்னு கேக்குறான்! ரெண்டாவது தடவை அதையே எழுதினான், அதையே பேசினான், செலக்ட் ஆனான். அங்க பாக்கிறது அதைத்தான்மா, இக்கட்டுல இவன் என்ன செய்வான், கூட இருக்கறவனை விட்டுட்டு வருவானா. கோச்சிங்ல மனப்பாடம் பண்ணின பதில் அங்க செல்லாது, ஏன்னா நீங்க எழுதறதை சைக்காலஜிஸ்ட் ஒருத்தர் படிக்கிறார், கிரவுண்ட்ல இன்னொருத்தர் பாக்குறார், இன்டர்வியூல வேற ஒருத்தர் பேசுறார், மூணுலயும் ஒரே ஆள் தெரியணும்.

அதனால வீட்டுல பொறுப்பு குடுங்க. பேங்குக்கு அனுப்புங்க, தாலுகா ஆபீசுக்கு அவனே போகட்டும், ஊர்ல கபடி மேட்ச் நடந்தா டீம் சேர்க்கிற வேலையை எடுத்துக்கட்டும். உள்ள போயிட்டா புனே பக்கத்துல என்டிஏ இருக்கற கடக்வாஸ்லாவுல 3 வருஷம் படிப்பு, சாப்பாடு, யூனிஃபார்ம் எல்லாம் அரசாங்க செலவு, கைச்செலவு மாதிரி சிலது மட்டும்தான் உங்க பொறுப்பு.

கேள்வி: நான் பிளஸ் ஒன் காமர்ஸ் படிக்கிற பொண்ணு. எனக்கு என்டிஏ சான்ஸ் இருக்கா? (மாணவி, தஞ்சாவூர்)

பதில்: இருக்கும்மா, ஆனா ஆர்மி மட்டும்தான், மத்த ரெண்டுக்கும் பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, மேத்ஸ் படிச்சிருக்கணும். 2021ல சுப்ரீம் கோர்ட் உத்தரவு போட்ட பிறகுதான் பொண்ணுங்களுக்கு இந்தக் கதவே திறந்துச்சு, 2022ல சேர்ந்த முதல் பேட்ச்ல 17 பேர் 2025 மே மாசம் பயிற்சி முடிச்சு வெளிய வந்தாங்க. பொண்ணுங்களுக்கு சீட்டு ரொம்ப கம்மி, போட்டி கடுமையா இருக்கும், அதை மறைக்க மாட்டேன். மேத்ஸ் தாள் காமர்ஸ் பொண்ணுன்னு பாக்காது, கால்குலஸ் வரைக்கும் நீயே படிச்சாகணும். இது கிடைக்கலன்னாலும் டிகிரி முடிச்சிட்டு சிடிஎஸ்னு யூபிஎஸ்சி வைக்கிற இன்னொரு தேர்வு எழுதி நம்ம சென்னை பரங்கிமலை ஓடிஏல, அதாவது ஆர்மி ஆபீசர் பயிற்சி அகாடமியில சேரலாம், அங்க 1992ல இருந்தே பொண்ணுங்களுக்கு பயிற்சி நடக்குது. காலேஜ்ல என்சிசி இருந்தா கண்டிப்பா சேர்ந்து சி சர்டிபிகேட் வாங்கிடு, டிகிரிக்கு அப்புறம் அதுக்குன்னே தனி என்ட்ரி இருக்கு.

கேள்வி: நான் 10வது படிக்கிறேன் சார். என்டிஏ மெடிக்கல் டெஸ்ட்ல ரிஜெக்ட் ஆகாம இருக்க இப்பவே என்ன பண்ணணும்? ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் டாட்டூ போடலாம்னு கூப்பிடுறாங்க. (மாணவன், கரூர்)

பதில்: டாட்டூ வேண்டாம் தம்பி. முன்கை உள்பக்கம், புறங்கை இந்த ரெண்டு இடத்துல மட்டும்தான் அனுமதி, வேற எங்க இருந்தாலும் சிக்கல். இன்னிக்கு சாயந்திரமே காலை நனைச்சுட்டு சிமென்ட் தரையில ஒரு தடவை நின்னு பாரு. நடுவுல வளைவு தெரியாம பாதம் முழுசா அச்சு விழுந்தா தட்டைப் பாதமா இருக்கலாம், எலும்பு டாக்டர்கிட்ட காட்டு. கண்ணு, காது, பல்லு, மூக்குத்தண்டு வளைவு எல்லாத்தையும் அரசு ஆஸ்பத்திரியில ஒரு தடவை பாத்துக்கோ, காதுல அழுக்கு அடைச்சிருக்குன்னு கடைசி நேரத்துல அலையறவங்களை நிறைய பாத்திருக்கேன். கலர் பிளைண்ட் டெஸ்ட்டும் சேர்த்து எடுத்துடு, இருக்குன்னா பிளஸ் ஒன் குரூப் எடுக்கறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுக்கறது நல்லது.