ஸ்டென்ட் வைத்தவர் பல் பிடுங்க மாத்திரையை நிறுத்தலாமா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் இருக்கும் அப்பாவுக்கு நாலு மாதம் முன்பு இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் (குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்தார்கள், ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சாப்பிடுகிறார், பல் பிடுங்க ஒரு வாரம் நிறுத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்களாக நிறுத்தவே நிறுத்தாதீர்கள். புது ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறைந்தால் மாரடைப்பு வரும், உயிரே போகலாம். பல் பிடுங்கிய இடத்து ரத்தத்தையோ பஞ்சைக் கடிக்க வைத்தும் தையல் போட்டும் பெரும்பாலும் நிறுத்திவிடலாம். பல் டாக்டரிடம் மாத்திரை அட்டைகளைக் காட்டுங்கள். முடிவை இதய டாக்டர் எடுக்கட்டும்.

இந்த மாத்திரைகள் ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைத் தடுக்கின்றன. ஆஸ்பிரின் பட்ட தட்டணு அதன் ஆயுள் முடியும்வரை, அதாவது 7 முதல் 10 நாள் வரை, பழைய நிலைக்குத் திரும்பாது. செம்பனை முள் கிழித்தால்கூட ரத்தம் நிற்க நேரமாவது அதனால்தான். பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடித்தால் போதும்.

எனக்குப் பெரிய கவலை வலி மருந்துதான். குலை வெட்டி இடுப்பு வலிக்கிறது என்று ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டால் வயிற்றில் ரத்தம் கசியலாம். பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) விற்கும் ஜாமு என்ற மூலிகை மருந்தும் வேண்டாம். சிலவற்றில் சொல்லாமலே ஸ்டீராய்டு கலக்கிறார்கள். அளவோடு பாரசிட்டமால் போதும். நெஞ்செரிச்சலா? வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரஸோல் மாத்திரை குளோபிடோக்ரெலின் வேலையைக் குறைக்கும், டாக்டரிடம் வேறு கேளுங்கள்.

ஒரு வேளை மறந்தால் அடுத்த வேளை இரட்டிப்பாகப் போடக் கூடாது. மலம் தார் போலக் கறுத்தாலோ, ரத்த வாந்தி எடுத்தாலோ, தலையில் பலமாக அடிபட்டாலோ, நெஞ்சு வலித்தாலோ உடனே 999-ஐ அழையுங்கள்.