நன்றாக இருக்கும் சினைப்பையை எதற்காக எடுக்க வேண்டும்?

கேள்வி: எனக்கு 43 வயது. இடது மார்பில் வந்த புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து ஐந்து மாதங்கள் ஆகின்றன. டிரிப்பிள் நெகட்டிவ் (ஹார்மோன் ஏற்பிகளும் ஹெர்2 புரதமும் இல்லாத) வகை என்றார்கள். என் அம்மா 51 வயதில் சினைப்பைப் புற்றுநோயால் இறந்தவர் என்பதால் மரபணுப் பரிசோதனை செய்தார்கள். பிஆர்சிஏ 1 மரபணுவில் கோளாறு இருப்பதாக முடிவு வந்திருக்கிறது. இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிடுவது நல்லது என்கிறார் மருத்துவர். கீமோவின்போது நின்ற மாதவிலக்கு இப்போதுதான் திரும்பியிருக்கிறது. நன்றாக இருக்கிற உறுப்பை எதற்கு வெட்ட வேண்டும் என்று கேட்கிறார் மாமியார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டால் போதாதா? 15 வயது மகளுக்கும் பரிசோதனை செய்ய வேண்டுமா?

பதில்: முதலில் அந்த மரபணு அறிக்கையை மறுபடியும் கையில் எடுங்கள். நீங்கள் எடுக்க வேண்டிய முடிவு முழுவதும் அதிலுள்ள ஒரே ஒரு வரியைச் சார்ந்திருக்கிறது. மரபணுவில் காணப்பட்ட மாற்றம் 'நோய் விளைவிப்பது' என்று அதில் இருக்கலாம்; 'பொருள் உறுதிப்படாதது', அதாவது கெடுதலா இல்லையா என்று இன்னும் தெரியாதது, என்றும் இருக்கலாம். இரண்டாவது வகையைக் கோளாறு என்று எண்ணி அறுவை சிகிச்சை வரை போய்விட்டவர்கள் உண்டு, அது தவறு. அந்த முடிவை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் சினைப்பையை இழக்கக் கூடாது. உங்கள் அம்மாவுக்கு வந்த நோயையும் உங்களுக்கு வந்த வகையையும் பார்க்கும்போது, உங்கள் அறிக்கை முதல் வகையாகவே இருக்கும் என்று தோன்றுகிறது. அப்படித்தான் என்று உறுதியானால், உங்கள் மருத்துவர் சொன்னது சரியான ஆலோசனை.

காரணம் இதுதான். பொதுவாக நூறு பெண்களில் ஒருவருக்கு, நம் நாட்டில் அதற்கும் குறைவானவர்களுக்கே, வாழ்நாளில் சினைப்பைப் புற்றுநோய் வருகிறது. பிஆர்சிஏ 1 கோளாறு உள்ளவர்களில் 80 வயதுக்குள் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் வருகிறது. பிஆர்சிஏ 2 என்ற இன்னொரு மரபணுவில் கோளாறு என்றால் இது பதினைந்து முதல் இருபது வரை. எனவே பிஆர்சிஏ 1 உள்ளவர்களுக்கு, குழந்தைப்பேறு முடிந்தபின் 35 முதல் 40 வயதுக்குள் சினைப்பைகளை எடுத்துவிடும்படி பரிந்துரைக்கிறோம். பிஆர்சிஏ 2 உள்ளவர்கள் 45 வரை காத்திருக்கலாம். நீங்கள் 40 வயதைக் கடந்துவிட்டீர்கள். நாளைக்கே செய்ய வேண்டும் என்ற அவசரம் இல்லை. ஆனால் வருடக்கணக்கில் தள்ளிப்போடவும் கூடாது.

ஸ்கேன் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போதும் என்று சொல்ல முடிந்தால் உங்களைவிட எனக்குத்தான் அதிக நிம்மதி. பிரிட்டனில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான பெண்களைச் சேர்த்து, அவர்களில் பாதிப் பேருக்கு ஆண்டுதோறும் ஸ்கேனோ சிஏ 125 ரத்தப் பரிசோதனையோ செய்து, பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வின் இறுதி முடிவு 2021இல் வந்தது: இந்த நோயால் ஏற்படும் மரணங்கள் குறையவில்லை. அவர்கள் பரம்பரைக் கோளாறு இல்லாத பொதுவான பெண்கள்தான். ஆனாலும் நோய் எங்கே தொடங்குகிறது என்று பார்த்தால் உங்களுக்கும் ஸ்கேன் ஏன் காவல் ஆகாது என்பது புரியும். பெயர் சினைப்பைப் புற்றுநோய் என்றாலும், இவ்வகையில் பெரும்பாலானவை தொடங்குவது கருக்குழாயின் நுனியில், சினைப்பையைத் தொட்டுக்கொண்டிருக்கும் விரல் போன்ற மெல்லிய மடிப்புகளில். அங்கே சில செல்கள் கெட்டு உதிர்ந்து வயிற்றுக்குள் பரவத் தொடங்கும்போது, ஸ்கேனில் தெரியும் அளவுக்குக் கட்டியே இருக்காது.

ஆகவே சினைப்பைகளோடு இரண்டு கருக்குழாய்களையும் முழுவதுமாக எடுக்க வேண்டும். எடுத்ததை, குறிப்பாகக் குழாய் நுனிகளை, மெல்லிய சீவல்களாக நறுக்கி மைக்ரோஸ்கோப்பில் முழுமையாகப் பார்க்க வேண்டும் என்று கோரிக்கைப் படிவத்தில் மரபணுக் கோளாற்றைக் குறிப்பிட்டே ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். வழக்கமான முறையில் ஒன்றிரண்டு துண்டுகளை மட்டும் பார்த்தால், கடுகளவுக்கும் குறைவான புற்று விட்டுப்போகலாம். வெளிப்பார்வைக்கு நன்றாக இருந்த குழாய்களிலும் நூற்றில் சிலருக்கு இப்படிப் புற்று ஏற்கனவே இருந்திருக்கிறது. உங்கள் மாமியார் கேட்பது அக்கறையான கேள்வி. அவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். அறுவைக்குப் பிறகும் வயிற்றின் உள்சவ்வில் புற்று வரும் வாய்ப்பு நூற்றில் ஒன்றிரண்டு அளவுக்கு மிஞ்சும் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

லேப்ராஸ்கோப்பியில் மூன்று நான்கு சிறு துளைகள், பெரும்பாலும் ஓரிரு நாள் மருத்துவமனை, ஓரிரு வாரங்களில் வீட்டு வேலை. கர்ப்பப்பையில் வேறு கோளாறு இல்லையென்றால் அதை எடுத்தாக வேண்டிய கட்டாயம் இல்லை.

கடினமானது அதன்பிறகு வருவது. இயல்பாகச் சில ஆண்டுகளில் மெல்ல நிகழும் மாதவிடாய் நிறுத்தம், உங்களுக்கு ஒரே நாளில் நிகழ்ந்துவிடும். இரவில் முகமும் கழுத்தும் திடீரென்று கொதித்து, நைட்டி நனைந்து, விழித்துக்கொள்வீர்கள். எரிச்சல், மறதி, உறவில் வறட்சியும் வலியும் வரலாம். எலும்பு வேகமாகத் தேயும். மார்பகப் புற்று வராதவர்களுக்கு இதற்கு ஹார்மோன் மாத்திரை கொடுத்துவிடலாம். வந்தவர்களுக்குப் பொதுவாகத் தருவதில்லை. சுவீடனில் நடந்த ஓர் ஆய்வில், ஹார்மோன் எடுத்துக்கொண்டவர்களுக்கு மார்பகப் புற்று திரும்பியது அதிகமாக இருந்ததால், 2003இல் அந்த ஆய்வையே நிறுத்தினார்கள். வெப்ப அலைகளுக்கு வென்லாஃபாக்சின், கேபாபென்டின் போன்ற ஹார்மோன் அல்லாத மருந்துகள் உண்டு. வறட்சிக்கு ஜெல் உண்டு; அதைக் கேட்க வெட்கப்படாதீர்கள், மருத்துவர் தானாகச் சொல்லாமல் விட்டுவிடுவார். அறுவைக்கு முன்பே ஒரு டெக்ஸா ஸ்கேன் எடுத்து எலும்பின் வலுவைக் குறித்துக்கொள்வதும், கால்சியம், வைட்டமின் டி பற்றிப் பேசிக்கொள்வதும் பிற்பாடு மிகவும் உதவும்.

ஹார்மோன் ஏற்பி பாசிட்டிவ் (சினைப்பை சுரக்கும் ஹார்மோனால் வளரும் வகை மார்பகப் புற்று) என்று அறிக்கை வந்த மற்ற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. அவர்களுக்குச் சினைப்பை அகற்றம் தடுப்பு மட்டுமல்ல, சிகிச்சையும் ஆகலாம். கிளாஸ்கோ மருத்துவர் ஜார்ஜ் பீட்சன் 1896லேயே இதை எழுதி வைத்தார். ஆனால் மரபணுக் கோளாறு இல்லையென்றால், சினைப்பையின் இயக்கத்தை நிறுத்தி வைக்கும் கோசெரெலின் ஊசியே பலருக்குப் போதுமானது. ஊசியை நிறுத்தினால் இயக்கம் திரும்பக்கூடும், அறுவைக்குப் பின் திரும்பாது. அவர்கள் இந்தப் பதிலைப் பார்த்து அறுவைக்கு ஓட வேண்டியதில்லை.

உங்கள் நிணநீர் முடிச்சுகளில் நோய் அதிகம் பரவியிருந்ததா என்று புற்றுநோய் மருத்துவரிடம் கேளுங்கள். அப்படி இருந்தால், பழைய நோய் திரும்பும் வாய்ப்பு அதிகமுள்ள முதல் இரண்டு மூன்று ஆண்டுகளைக் கருத்தில் கொண்டு அறுவையின் நேரத்தைத் தீர்மானிக்கலாம். ஆரம்ப நிலையில் கண்டறியப்பட்டது என்றால் காத்திருப்பதில் பயன் இல்லை.

மகளுக்கு இப்போது எதுவும் வேண்டாம். அவளுக்கு இந்தக் கோளாறு வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. என்றாலும் 15 வயதில் தெரிந்து செய்யக்கூடியது ஒன்றுமில்லை. பதினெட்டு கடந்து, தானே கேட்டு முடிவு செய்யும் வயதில் செய்துகொள்ளட்டும். பரிசோதனை இப்போது தேவைப்படுவது உங்கள் உடன்பிறந்தவர்களுக்கு, அண்ணன் தம்பிகள் உட்பட. அவர்களுக்கு உங்கள் அறிக்கையின் ஒரு நகலைக் கொடுங்கள். அது கையில் இருந்தால் அந்த ஒரு மாற்றத்தை மட்டும் தேடினால் போதும், செலவும் குறையும்.