பழைய பிரவுசரில் தமிழ் எழுத்துரு: வன்னியிலிருந்து வந்த கேள்விகள்

இணையத்தளத்தோடு சேர்த்து நாமே அனுப்பும் தமிழ் எழுத்துரு, பழைய கணினியிலும் போனிலும் ஏன் சறுக்குகிறது என்று பலர் கேட்டிருந்தீர்கள். எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பதில் எழுதுகிறேன்.

மல்லாவி, ஆசிரியர்: எங்கள் பாடசாலைத் தளம் புது லப்டொப்பில் நன்றாக வருகிறது. ஆய்வுகூட விண்டோஸ் எக்ஸ்பி கணினியில், இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 8 இல், எல்லாம் கட்டம் கட்டமாக இருக்கிறது.

சேர், கட்டம் வந்தால் இரண்டு விஷயம் சேர்ந்து நடந்திருக்கிறது. நீங்கள் அனுப்பிய எழுத்துரு போய்ச் சேரவில்லை. அந்தக் கணினியிலும் தமிழ் எழுத்துரு இல்லை. எக்ஸ்ப்ளோரர் 8 வரைக்கும் இஓடி (EOT) என்ற எழுத்துருக் கோப்பு மட்டும்தான் எடுபடும். வோஃப் (WOFF) என்ற மற்ற வகை எக்ஸ்ப்ளோரர் 9 இல்தான் வந்தது. தளத்தில் எழுத்துருவின் முகவரியைச் சொல்லும் ஒரே வரியில் பல கோப்புகளை அடுக்கியிருந்தால் 8 குழம்பி, முழு வரியையும் ஒரே முகவரி என்று எடுத்துக்கொள்ளும். இஓடி கோப்பின் பெயருக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி போடுங்கள், அதற்குப் பிறகு வருவதால் இடைஞ்சல் இராது. அப்புறம் அந்தக் கணினியின் மொழி அமைப்பில் சிக்கலான எழுத்துமுறைகளுக்கான தெரிவை இடுங்கள். எக்ஸ்பி சீடி கேட்கும். லதா என்ற தமிழ் எழுத்துரு வந்துவிட்டால், உங்கள் கோப்பு போகாத நாளிலும் பிள்ளைகள் வாசிப்பார்கள்.

ஒட்டுசுட்டான்: கட்டம் இல்லை, ஆனால் எழுத்துகள் சிதறுகின்றன. எதைப் பார்ப்பது?

நல்ல கேள்வி. இரண்டு ஊர்ப்பெயரைத் தட்டிப் பாருங்கள்: நெடுங்கேணி, புதுக்குடியிருப்பு. நெடுங்கேணியில் கொம்பு ‘ந’ எழுத்துக்குப் பின்னால் போய் நின்றால், எழுத்தை ஒழுங்குபடுத்தும் வேலையை அந்தக் கணினியோ போனோ செய்யவில்லை. யூனிகோடு (தமிழ் எழுத்துகளுக்கென்றே குறி வைத்திருக்கும் பொது முறை) எழுத்துரு எதைப் போட்டாலும் தீராது. நெடுங்கேணியில் கொம்பு சரியாக நின்று, புதுக்குடியிருப்பில் பு, து, கு, ரு எல்லாம் உடைந்து உகரக் குறி தனியாக நின்றால், பிழை எழுத்துருவில். கோப்பைச் சிறிதாக்குகிறோம் என்று யாரோ வெட்டியபோது, எழுத்துகளைச் சேர்க்கும் விதிகளும் போயிருக்கும். வெட்டுங்கள், டேற்றா காசு மிச்சம்தான். ஆனால் அந்த விதிகளை வைத்துக்கொண்டு வெட்டுங்கள். வெட்டிய பிறகு, பழைய கணினியிலேயே திறந்து பாருங்கள்.

விசுவமடு: எனக்கும் கட்டம்தான் வருகிறது அண்ணா.

மல்லாவிக்குச் சொன்னதைப் பாருங்கள் தம்பி.

வவுனியா, அச்சகம்: பாமினியை எழுத்துருவாக அனுப்பினால் எந்தப் பழைய கணினியிலும் வருகிறது. யூனிகோடு என்று ஏன் இந்தப் பாடு?

ஐயா, இதைக் கொஞ்சம் நீட்டி எழுத விடுங்கள். பாமினியில் உள்ளே இருப்பது தமிழ் அல்ல. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் போட்டிருக்கிறார்கள். புள்ளிகூட ஓர் அரைப்புள்ளிதான். அதனால்தான் ஒழுங்குபடுத்தும் வேலை தெரியாத கணினியிலும் அழகாக வருகிறது. அது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் எழுத்துரு போய்ச் சேராத அன்றைக்கு வாசகர் காண்பது வெறும் ஆங்கில எழுத்துக் குவியல்.

முழங்காவில்: அவர் சொல்வதும் சரிதானே? இங்கே நோட்டீஸ், கல்யாணக் கார்ட் எல்லாம் பாமினிதான்.

கடதாசியில் அடிக்கட்டும், ஒரு குறையும் இல்லை. நான் கவலைப்படுவது இணையத்தைப் பற்றி. ஒரு மரண அறிவித்தலைப் பாமினியில் போடுகிறீர்கள். கனடாவில் இருக்கும் மகள் போனில் ஊர்ப்பெயரைத் தமிழில் தட்டித் தேடினால் அது கிடைக்காது. கண் தெரியாதவருக்கு வாசித்துக்காட்டும் மென்பொருள் அதை ஆங்கில எழுத்தாகவே எடுத்துக்கொள்ளும்.

வவுனியா, அச்சகம்: என்னிடம் பல வருசக் கோப்பு இருக்கிறதே, எல்லாவற்றையும் திரும்பத் தட்டுவதா?

வேண்டாம் ஐயா. பாமினியை யூனிகோடாக மாற்றித்தரும் கருவிகள் இருக்கின்றன. மாற்றிய பிறகு, முக்கியமாக ஆங்கிலப் பெயர்களை ஒருதரம் கண்ணால் சரிபாருங்கள், அவை கலங்கும்.

மாங்குளம்: ஒபேரா மினியில் என் எழுத்துரு வரவில்லை.

வராது. டேற்றாவை மிகக் கூடுதலாகச் சுருக்கும் முறையில் அந்த பிரவுசர் போனில் இருக்கும் எழுத்துருவைத்தான் காட்டும்.

பரந்தன்: கட்டம் கட்டமாக...

மல்லாவி. மூன்றாம் முறை எழுதுகிறேன், தயவுசெய்து மேலே வாசித்துவிட்டுக் கேளுங்கள்.

துணுக்காய், ரீச்சர்: ஒரே மாதிரிப் பத்துக் கணினி. ஒன்றில் மட்டும் எழுத்துரு வரவில்லை.

ரீச்சர், அந்தக் கணினியின் திகதியைப் பாருங்கள். உள்ளே இருக்கும் சிறு பற்றரி செத்தால் திகதி பல வருசம் பின்னுக்குப் போய்விடும். உங்கள் பக்கம் பாதுகாப்பில்லாத பழைய முகவரியில் இருந்து, எழுத்துரு மட்டும் வேறொரு பாதுகாப்பான சேர்வரில் இருந்து வந்தால், சான்றிதழ் இன்னும் தொடங்கவேயில்லை என்று நினைத்து பிரவுசர் எழுத்துருவை விட்டுவிடும். பக்கம் வரும், எழுத்துரு வராது. பிழைச் செய்தியும் காட்டாது. பற்றரியை மாற்றித் திகதியைச் சரிசெய்துவிட்டு, எழுத்துருவையும் உங்கள் சேர்வரிலேயே வையுங்கள். வேறு சேர்வரில் விட்டால், மற்றத் தளங்களும் எடுக்கலாம் என்று சொல்லும் அனுமதித் தலைப்பை (CORS) அந்தச் சேர்வர் அனுப்பாவிட்டால் ஃபயர்ஃபொக்ஸும் எடுக்காது.