ஒஃபர் தந்துவிட்டுக் கடைசி நேரத்தில் பின்வாங்கிய வங்கி: செலவான காசைத் திருப்பி வாங்கலாமா?

கேள்வி: வணக்கம் அண்ணா. லண்டன் ஹரோவில் எங்களுக்கு ஒரு ஃபிளாட் இருக்கிறது, கடன் இன்னும் 238,000 பவுண்ட் பாக்கி. ஃபிக்ஸ், அதாவது வட்டி மாறாத காலம், ஓகஸ்ட் 31ஆம் திகதி முடிய இருந்ததால் புரோக்கர் மூலம் கடனை வேறொரு வங்கிக்கு மாற்ற ரீமோட்கேஜ் போட்டோம். ஜூலை 14ஆம் திகதி, இரண்டு வருட ஃபிக்ஸ், 4.39 வீதம் என்று ஒஃபர் கடிதமே கைக்கு வந்துவிட்டது. செப்டெம்பர் 1ஆம் திகதி எல்லாம் மாறிவிடும் என்று லோயரும் சொல்லிவிட்டார். ஓகஸ்ட் 26ஆம் திகதி, ஒஃபரைத் திரும்பப் பெறுகிறோம் என்று ஈமெயில் வந்தது. ஃபிளாட்டின் லீஸில், அதாவது குத்தகைக் காலத்தில், 71 வருடம்தான் மிச்சமாம், அவர்களுக்குக் குறைந்தது 85 வருடம் வேண்டுமாம். 71 என்று நாங்கள் முதல் நாளே சொன்னோம் அண்ணா. லோயருக்கு 540, புரோக்கருக்கு 495, புக்கிங் ஃபீஸ் 99 பவுண்ட் போய்விட்டது. இப்போது பழைய வங்கியின் எஸ்விஆரில், அதாவது ஃபிக்ஸ் முடிந்ததும் வங்கி தானாகப் போடும் வட்டியில், 7.49 வீதம் கட்டுகிறோம், இதோ இரண்டாவது மாதம். புரோக்கர் வேறு வங்கி பார்க்கிறேன் என்கிறார். ஒஃபர் தந்த வங்கியில் கேட்டால் நிபந்தனையில் எழுதியிருக்கிறது என்கிறார்கள். இந்தக் காசு போனது போனதுதானா?

பதில்: தங்கச்சி, அப்படி விட்டுவிடாதீர்கள். உங்கள் கையில் இருப்பது நல்ல கேஸ். ஆனால் அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது, அதை இன்றைக்கே செய்யுங்கள்.

பழைய வங்கியின் இணையக் கணக்குக்குள் போய் அவர்களிடம் இப்போது என்ன ஃபிக்ஸ் இருக்கிறது என்று பாருங்கள். அதே வங்கியிலேயே ரேட்டை மாற்றிக்கொள்வதைப் புரடக்ட் ட்ரான்ஸ்ஃபர் என்பார்கள். கடன் தொகையைக் கூட்டாமல், தவணை பாக்கி இல்லாமல் இருந்தால் பெரும்பாலும் வருமானத்தைப் புதிதாகப் பரிசோதிப்பதில்லை, வீட்டை மதிப்பிட ஆள் வருவதில்லை, லோயர் தேவையில்லை, லீஸ் எத்தனை வருடம் என்றும் யாரும் கேட்கப்போவதில்லை. நீங்கள் அனுப்பிய படங்களில் அவர்களுடைய இன்றைய இரண்டு வருட ரேட் 4.84 வீதம் என்று இருக்கிறது. 4.39 கிடைத்திருக்க வேண்டியதே என்று மனம் எரியும், எனக்குப் புரிகிறது. ஆனாலும் 7.49இல் இருக்கும் ஒவ்வொரு மாதமும் வட்டியில் மட்டும் ஐந்நூறு பவுண்டுக்கு மேல் வீணாகிறது. இன்னொரு காரணமும் உண்டு. நாளைக்கு நீங்கள் நட்டஈடு கேட்கும்போது, நட்டத்தைக் குறைக்க நீங்கள் என்ன செய்தீர்கள் என்ற கேள்வி கட்டாயம் வரும். செப்டெம்பர் மாதத்துக்குப் பதில் சொல்லலாம், திடீரென்று கைவிட்டார்கள், புரோக்கர் வேறு இடம் தேடினார் என்று. ஒக்டோபருக்கு அந்தப் பதில் கொஞ்சம் பலவீனம். நவம்பருக்குச் செல்லவே செல்லாது.

சரி, இனி அந்த 'நிபந்தனையில் எழுதியிருக்கிறது' என்ற பேச்சுக்கு வருவோம்.

பிரித்தானியாவில் 2016 மார்ச் 21ஆம் திகதி நடைமுறைக்கு வந்த விதிகளின்படி வீட்டுக்கடன் ஒஃபர் வங்கியைக் கட்டுப்படுத்தும். யோசித்து முடிவெடுக்க உங்களுக்குக் குறைந்தது 7 நாள் தர வேண்டும். ஆனால் அந்த ஒஃபருக்கு வங்கி நிபந்தனை வைக்கலாம். நீங்கள் தந்த விபரம் பொய் என்று தெரிந்தால், வேலை போய்விட்டால், புதிதாகப் பெரிய கடன் எடுத்திருந்தால், வீட்டின் உரிமைப் பத்திரத்தில் சிக்கல் இருப்பதாக லோயர் அறிவித்தால் பின்வாங்கலாம் என்று கடிதத்தின் பின்பக்கங்களில் இருக்கும். உங்கள் வங்கி பிடித்துக்கொண்டு நிற்பது அந்தக் கடைசி வரியைத்தான். லோயர் லீஸைப் பார்த்துச் சொன்னார், அதனால் விலகினோம் என்பார்கள்.

நீங்கள் அந்த வரியோடு மல்லுக்கட்ட வேண்டாம். விலகும் உரிமை அவர்களுக்கு இருந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: ஜூலை 14ஆம் திகதி அந்தக் கடிதத்தை அனுப்பியபோது லீஸ் 71 வருடம் என்று வங்கிக்குத் தெரியுமா, தெரியாதா?

தெரியும். நீங்கள் அனுப்பிய விண்ணப்பப் படிவத்தை வடிவாகப் பார்த்தேன். ஐந்தாம் பக்கத்தில், முகவரிக்குக் கீழே, நிலவாடகை எவ்வளவு என்ற கட்டத்துக்குப் பக்கத்தில், மிச்சமுள்ள லீஸ் காலம் என்ற சின்னக் கட்டத்தில் 71 என்று டைப் செய்திருக்கிறது. மேல் மூலையில் திகதி ஜூலை 3. தங்களுடைய சொந்த விதிக்கு ஒத்துவராத ஃபிளாட் என்று அந்த இரண்டு இலக்கத்தைப் பார்த்தவுடனேயே அவர்கள் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் 11 நாள் கழித்து ஒஃபர் அனுப்பி, உங்களை லோயருக்குக் காசு கட்ட வைத்து, ஃபிக்ஸ் முடிய 5 நாள் இருக்கும்போது கையை விரித்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்தை ஒருக்கா அச்செடுத்து, 71ஐச் சுற்றி வட்டம் போட்டு வையுங்கள். உங்கள் முறைப்பாட்டின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

இதிலே உங்கள் புரோக்கருக்கும் பங்கு உண்டு, சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. ஒவ்வொரு வங்கியும் லீஸில் குறைந்தது எத்தனை வருடம் கேட்கிறது என்பது வங்கிகளின் சங்கமான யூகே ஃபினான்ஸின் கையேட்டில், இரண்டாம் பகுதியில், வங்கி வாரியாக இருக்கிறது. அது இணையத்தில் யாரும் திறந்து பார்க்கக்கூடிய ஆவணம், இரண்டு நிமிட வேலை. 71 என்று தன் கையாலேயே டைப் செய்துவிட்டு, 85 கேட்கும் வங்கிக்கு அனுப்பியவர் 495 பவுண்டை எந்த வேலைக்காக வாங்கினார்? நல்ல மனிதர், ஊர்க்காரர், முகத்தை முறிக்க விருப்பமில்லை என்று எழுதியிருந்தீர்கள். சண்டை பிடிக்க வேண்டாம். பணிவாக, ஆனால் எழுத்தில், கட்டணத்தைத் திருப்பித் தரச் சொல்லிக் கேளுங்கள். மறுத்தால் அவர் மேலும் தனியாக முறைப்பாடு போடலாம், அதுவும் போவது வங்கி மேல் போடும் முறைப்பாடு போகும் அதே நிதி ஒம்புட்ஸ்மனிடம்தான், இப்படியான முறைப்பாடுகளை விசாரித்து முடிவு சொல்லும் சேவை அது.

அடுத்தது, எவ்வளவு கேட்பது. பலர் சறுக்குவது இங்கேதான். 4.39 வீதம் தருவதாகச் சொன்னார்கள், அதனால் இரண்டு வருடத்துக்கும் அந்த 4.39க்கான வித்தியாசம் முழுவதையும் தா என்று எழுதுவார்கள். நிதி ஒம்புட்ஸ்மன் சேவை பொதுவாக அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை. பிழை நடக்காமல் இருந்திருந்தால் நீங்கள் இன்றைக்கு எங்கே நின்றிருப்பீர்கள் என்றுதான் பார்ப்பார்கள். இங்கே நடந்த பிழை என்ன? முதல் நாளே மறுக்க வேண்டிய விண்ணப்பத்தை ஏற்றது. அவர்கள் ஒழுங்காக வேலை செய்திருந்தால் ஜூலை முதல் கிழமையிலேயே இல்லை என்று பதில் வந்திருக்கும், 4.39 உங்களுக்கு எப்படியும் கிடைத்திருக்காது. ஆனால் லோயருக்குக் காசு போயிருக்காது, புக்கிங் ஃபீஸும் போயிருக்காது. அப்புறம் நீங்கள் அந்த நேரத்தில் பழைய வங்கியிலேயே ரேட்டை மாற்றியிருப்பீர்கள்.

கடைசியாகச் சொன்னதற்கு ஆதாரம் வேண்டும், அதிர்ஷ்டவசமாக உங்களிடம் இருக்கிறது. ஜூலை 1ஆம் திகதி பழைய வங்கி அனுப்பிய கடிதத்தில் இரண்டு வருட ஃபிக்ஸ் 4.62 வீதம். அதையும் 4.39ஐயும் ஒப்பிட்டுப் புரோக்கர் உங்களுக்கு எழுதிய ஈமெயிலும் இருக்கிறது. அந்த ஈமெயிலை அழித்துவிடாதீர்கள். 4.39 இல்லையென்றால் உங்களுடைய அடுத்த தெரிவு 4.62தான் என்று நிரூபிப்பது அதுதான்.

இப்போது கணக்கு. 238,000 பவுண்டுக்கு 7.49 வீதத்தில் மாத வட்டி சுமார் 1,485 பவுண்ட், 4.62 வீதத்தில் சுமார் 916. வித்தியாசம் 569, இரண்டு மாதத்துக்கு 1,138. இப்போது 4.84க்கு மாறினால் 0.22 வீதம் கூட, வருடத்துக்கு ஏறக்குறைய 523, இரண்டு வருடத்துக்கு 1,045 பவுண்ட் அளவில் வரும், கடன் பாக்கி குறையக் குறைய இதுவும் கொஞ்சம் குறையும். லோயரும் புக்கிங் ஃபீஸும் 639. புரோக்கர் திருப்பித் தராவிட்டால் 495. எல்லாம் சேர்த்து 3,300 பவுண்டைக் கொஞ்சம் தாண்டும். ஒஃபரில் இருந்த 999 பவுண்ட் புரடக்ட் ஃபீஸைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது கடனோடு சேர்க்கப்படுவதாக இருந்தது, நீங்கள் கட்டவே இல்லை. ஒரு தொகையைப் பிழையாகப் போட்டால் மற்ற தொகைகளையும் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். லோயரின் பில்லை மட்டும் இன்னொரு தடவை பாருங்கள்: வேலை பாதியில் நின்றால் முழுக் கட்டணமும் எடுக்கலாமா, குறைத்துத்தான் எடுக்க வேண்டுமா என்று அவருடைய ஒப்பந்தக் கடிதத்தில் இருக்கும்.

இதைவிட, அலைச்சலுக்கும் மன உளைச்சலுக்கும் தனியாகக் கேளுங்கள். இரண்டு பிள்ளைகளோடு, ஃபிக்ஸ் முடியும் கிழமையில் நித்திரை இல்லாமல் இருந்தது சின்ன விஷயமில்லை. இதற்கு ஆயிரக்கணக்கில் எதிர்பார்க்க வேண்டாம், சில நூறு பவுண்டுக்குள்தான் பொதுவாக நிற்கும். ஆனாலும் எத்தனை நாள், எத்தனை தொலைபேசி அழைப்பு, யாரோடு கதைத்தீர்கள் என்று திகதியோடு எழுதிக் கொடுங்கள்.

முறைப்பாட்டை வங்கியின் முறைப்பாட்டுப் பிரிவுக்கு ஈமெயிலில் அனுப்புங்கள். ஒரு பக்கம் போதும்: ஜூலை 3 விண்ணப்பம், ஜூலை 14 ஒஃபர், ஓகஸ்ட் 26 விலகல், மேலே போட்ட கணக்கு. அதே நாளில் இன்னொரு ஈமெயிலில், உங்களைப் பற்றி வைத்திருக்கும் எல்லாப் பதிவுகளையும், அதிகாரிகளின் குறிப்புகளையும், பதிவு செய்த தொலைபேசிப் பேச்சுகளையும் தரச் சொல்லிக் கேளுங்கள். இது தரவுப் பாதுகாப்புச் சட்டம் தரும் உரிமை, காசு கட்ட வேண்டியதில்லை, பொதுவாக ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். விண்ணப்பத்தைப் பார்த்த அதிகாரி ஜூலையிலேயே லீஸ் பற்றி ஒரு வரி எழுதி வைத்திருந்தால் அது உங்களுக்குப் பெரிய பலம்.

வங்கிக்கு 8 கிழமை அவகாசம். இடையில் 100 பவுண்ட் தருகிறோம், இத்தோடு முடித்துக்கொள்வோம் என்று நல்ல குரலில் யாராவது கதைக்கக்கூடும். முழுத் தீர்வாக ஏற்கிறேன் என்று வாயாலும் சொல்லாதீர்கள், ஈமெயிலிலும் எழுதாதீர்கள். இறுதிப் பதில் திருப்தி இல்லையென்றால், அல்லது 8 கிழமை தாண்டியும் பதில் இல்லையென்றால், ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். இறுதிப் பதில் வந்த திகதியிலிருந்து 6 மாதத்துக்குள் போக வேண்டும். சேவை இலவசம், யாருக்கும் கமிஷன் கொடுத்து ஆள் பிடிக்காதீர்கள். ஒம்புட்ஸ்மனின் இறுதி முடிவை நீங்கள் ஏற்றால் அது வங்கியைக் கட்டுப்படுத்தும். ஏற்காவிட்டால் நீதிமன்ற வழி இருக்கிறது, இங்கிலாந்தில் 10,000 பவுண்ட் வரையான வழக்குகள் பொதுவாகச் சிறு வழக்குப் பிரிவில் போகும். உங்கள் விஷயத்தில் அதுவரை போகத் தேவை வராது என்று நினைக்கிறேன்.

இதே மாதிரி ஒஃபரை இழந்த மற்றவர்களும் இதை வாசிப்பீர்கள், உங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஒஃபர் வந்த பிறகு கார் ஃபினான்ஸ் எடுத்தது, வேலையை விட்டுக் கொன்ட்ராக்டுக்கு மாறியது போன்ற காரணத்தால் வங்கி விலகியிருந்தால் காசு திரும்பி வரும் வாய்ப்பு மிகக் குறைவு. காசு மாறும் நாள் வரைக்கும் வங்கி உங்கள் கடன் பதிவை மறுபடி பார்க்கலாம். அப்புறம், 2022 செப்டெம்பர் மினி பட்ஜெட்டுக்குப் பிறகு ஒரே இரவில் 935 மோட்கேஜ் திட்டங்கள் சந்தையிலிருந்து போனது பலருக்கு நினைவிருக்கும். விற்பனையிலிருந்து ஒரு திட்டத்தை எடுப்பது வேறு, உங்கள் பேருக்குக் கடிதம் தந்த பிறகு விலகுவது வேறு. முதலாவதுக்கு நட்டஈடு கேட்பது கடினம்.

தங்கச்சி, புது ஃபிக்ஸ் முடியும்போது லீஸ் 69க்கு வந்துவிடும். 80க்குக் கீழே போன லீஸை நீடிக்கச் செலவு கூட, குறையக் குறைய வங்கிகளின் கதவும் ஒவ்வொன்றாக மூடும். லீஸ் வேலை தெரிந்த லோயர் ஒருவரிடம் இந்த வருடத்துக்குள்ளேயே கதையுங்கள். வங்கியின் இறுதிப் பதில் வந்ததும் அப்படியே எனக்கு அனுப்பிவிடுங்கள், ஒம்புட்ஸ்மனுக்கு எழுதுவதை இரண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம்.